பந்தய முடிவில் பத்தாயிரம் வாலா

இப்போதும் அந்தப் பந்தலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. செல்போன் எங்கள் பக்கம் பரவத் தொடங்கியிருந்த காலம். விருதுநகரில் கிளம்பி, சாத்தூர் வழியாகச் சிவகாசியில் முடியும் ஒருநாள் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். முதலில் வருபவனை மாநிலப் போட்டிக்கு அனுப்புவோம் என்றார்கள். முதலில் வருபவனை மட்டும்.

நான் அப்போது பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை பார்த்தேன். இருந்த ஒரே சைக்கிளில் கேரியரையும் மட்கார்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, நான்கு மாதம் விடியற்காலையில் வெம்பக்கோட்டை அணை வரை மிதித்துத் திரும்பி, அப்புறம்தான் வேலைக்குப் போவேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பந்தயத்தன்று சாத்தூர் தாண்டியதும் கூட்டம் சிதறிவிட்டது. எதிர்க்காற்று வேறு. என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரே ஒருவன், விருதுநகர்க் கல்லூரி மாணவன். சிவகாசி எல்லையில் அவனையும் பின்னால் விட்டேன். எதிரே பந்தயம் முடியும் இடத்துப் பந்தல் தெரிந்தது. எனக்கும் பந்தலுக்கும் நடுவே ஒருவருமில்லை.

பரிசு கொடுக்க வந்தது எங்கள் கம்பெனிதான். கொடுத்துவிட்டுப் பேசாமல் போனால் என்ன? பட்டாசு ஊர் என்று காட்ட வேண்டுமாம். பந்தய முடிவுக் கோட்டுக்கு இருபதடி முன்னால் ரோட்டோரம் பத்தாயிரம் வாலாச் சரத்தை நீட்டிப் போட்டிருந்தார்கள். முதல் ஆள் கண்ணில் பட்டதும் எங்கள் மேனேஜரே பற்றவைத்தார். சைக்கிள் ஓட்டுகிற எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மருந்து ரூமில் சேர்கிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது ஒன்றுதான். சத்தம் கேட்டால் யோசிக்காதே, திரும்பிப் பார்க்காதே, எதிர்ப்பக்கம் ஓடு. ஆறு வருடத்தில் இரண்டு முறை அப்படி ஓடித்தான் பிழைத்தேன். ஒருமுறை என்னோடு இருந்தவர் குனிந்து எதையோ எடுக்கப் போனார். அவர் வெளியே வரவேயில்லை.

முதல் வெடி வெடித்ததும் கைகள் என்னைக் கேட்கவில்லை. ஹேண்டிலைத் திருப்பி, ரோட்டை விட்டு இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறேன். காலில் முள் ஏறியபோதுதான் எங்கே நிற்கிறேன் என்றே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த மாணவன் புகைக்குள் புகுந்து கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு மட்டும் வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பந்தலில் சிரித்தார்களே, அவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏலே, வெடி கம்பெனிக்காரன் வெடிக்குப் பயந்து ஓடுறாம்லே" என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார். மேனேஜரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் அவர் மருந்து ரூம் வாசலுக்கு வந்து என் தோளில் கை வைத்தார். "விடுலே. அடுத்த வருசம் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு ஓட்டு. சத்தமெல்லாம் பழகிரும்."

அதுவரை நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"பழகிக்கிறேன் அண்ணாச்சி. பழகுன பெறகு இங்கன சத்தம் கேட்டா ஓடாம நிப்பேன். எங்க வீட்டுக்கு வந்து சாவுச் சேதிய யாரு சொல்லுவா, நீங்க சொல்லுவீகளா?"

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.