பிணமாகக் கிடக்கும் டூட்டி

படப்பிடிப்பில் பிணமாகப் படுத்திருந்த ஒருவர் உடம்புக்கு முடியாமல் கையைத் தூக்கினார். நான் மைக்கில் திட்டி அந்தக் கையை இறக்க வைத்தேன். அன்று மாலையே, அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று ரிப்போர்ட் எழுதினேன். இருபத்தாறு வருட சேஃப்டி ஆபீசர் வேலையில் நான் செய்த பெரிய குற்றம் இது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் சாரம் கட்டும் கம்பெனி எங்களுடையது. பசிபிக் தீவு ஒன்றில் நடந்த போரின் ஒரே ஒரு நாளைப் படமாக்க வந்த வெளிநாட்டுக் குழு, கடற்கரையில் செட் போட எங்களை அழைத்தது. பேரீச்ச மரங்களில் பிளாஸ்டிக் தென்னோலை கட்டினோம். மணல்மூட்டை அடுக்கிப் பதுங்குகுழி அமைத்தோம். கதைப்படி காலையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கரையேறி, மதியத்துக்குள் ஒரு மேட்டைப் பிடிக்கிறார்கள். அதன் சரிவில் ஜப்பானியச் சிப்பாய்கள் முப்பது பேர் செத்துக் கிடக்க வேண்டும். துணை நடிகர்கள் போதாமல் எங்கள் தொழிலாளர் கேம்ப் ஆட்களைக் கேட்டார்கள். சேற்றைப் பூசிக் குப்புறப் போட்டால் யார் எந்த நாடு என்று தெரியாது.

பஸ்ஸில் ஒரே சிரிப்பு.

"சார், செத்துக் கெடக்குறதும் டூட்டிதானா?" என்று கேட்டார் செல்லத்துரை. பரமக்குடிப் பக்கத்துக்காரர், எங்களிடம் இருந்தவர்களில் கைதேர்ந்த சாரக்காரர்.

"டூட்டிதான்யா."

"அப்ப லீவு போட்டவன்தான் உசுரோட இருப்பான் போல!"

மே மாதக் கடைசி. மதிய வெயிலில் வெளிவேலை கூடாது என்ற அரசுத் தடை ஜூன் நடுவில்தான் தொடங்கும் என்பதால் சட்டப்படி தப்பில்லை. தடித்த கம்பளி யூனிஃபார்ம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பித் தண்ணீர் கொடுப்பது என்று நான்தான் விதி வைத்தேன். இரண்டு முறை எழுப்பியதும் உதவி இயக்குநர் ஓடி வந்தார். பிணங்கள் இடம் மாறுகின்றன, அடுத்த மூன்று ஷாட் முடியும்வரை யாரும் எழக் கூடாது என்றார். எங்கள் மேனேஜரும் போனில், "கிளையன்ட் சொல்றதைக் கேளுங்க சார், மூணு ஷாட்தானே" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். நான் சொல்லும்வரை அசையாதீர்கள் என்று மைக்கில் அறிவித்தேன்.

இரண்டாவது ஷாட். புகை, வேட்டுச் சத்தம். சிப்பாய்கள் மேட்டில் ஏறும்போது சரிவிலிருந்து ஒரு கை எழுந்தது. ஷாட் கெட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கை எடுத்தேன்.

"யாருய்யா அது? செத்தவன் கையத் தூக்குவானா? கீழ போடு!"

மற்ற பிணங்களெல்லாம் குலுங்கிச் சிரித்தன. கை இறங்கியது.

அதன்பின் நாற்பது நிமிடம் ஆனது. எழலாம் என்றதும் எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். கை எழுந்த இடத்தில் கிடந்த செல்லத்துரை எழவில்லை. "மாப்ள, படம் முடிஞ்சிருச்சு. அவார்டு குடுக்கப் போறாங்க, எந்திரிடா" என்று ஒருவர் காலால் தட்டினார். புரட்டிப் போட்டபோது உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பிழைத்துக்கொண்டார். ஆனால் நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. அந்த நாளே அவர் நினைவில் இல்லை. இனி சாரம் ஏற முடியாது என்று கம்பெனி ஊருக்கு அனுப்பியது. என் ரிப்போர்ட்டில் இரண்டே வரிகள்: தண்ணீர் கொடுக்கப்பட்டது, உடம்பு முடியவில்லை என்று தொழிலாளி தெரிவிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, சம்பவம் நடந்து ஏழு வருடம் கழித்து, அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி புஷ்பம் நாற்காலி போட்டுவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"முடியலன்னு ஒரு வார்த்த சொல்லாமக் கெடந்துருக்காரு சார். கம்பெனி பேப்பர்லயே போட்ருக்கு. இவரு வீம்புக்கு நாங்க அனுபவிக்கிறோம்."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நான்... கையத் தூக்குனேனா சார்?"

"தூக்குனீங்க. நான்தான் எறக்கச் சொன்னேன்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு வருசமா இந்த மனுசனப் போயி வஞ்சுக்கிட்டு இருந்துருக்கேன்" என்றார் புஷ்பம்.

மன்னிப்புக் கேட்டேன். "அத அவருகிட்டக் கேளுங்க. மொதல்ல, இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க" என்றார். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். செல்லத்துரையிடமும் கேட்டேன். அவர் மறுபடியும் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

கம்பெனிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போடப் புஷ்பத்தின் தம்பி அந்தத் தாளை வக்கீலிடம் கொண்டுபோனார். மூன்று மாதம் கழித்துப் பழைய மேனேஜர் எனக்குப் போன் செய்தார். நான் இப்போது ஷார்ஜாவில் மகனோடு இருக்கிறேன்.

"சார், வயசாயிடுச்சு, சரியா ஞாபகம் இல்லைன்னு ஒரு மெயில் போடுங்க. கலாஸ், அதோட முடிஞ்சுது. உங்க பையனும் இதே ஃபீல்டுலதானே இருக்கார்?"

மகன் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. கையெழுத்தும் என்னோடதுதான்" என்றேன்.

வழக்கு நடக்கிறது. மகனுக்கு வரவிருந்த புராஜெக்ட் வேறொருவருக்குப் போய்விட்டது. அவன் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. ரிப்போர்ட்டை அன்றைக்கே உண்மையாக எழுதிவிடுங்கள். நான் அன்று எழுதியிருந்தால் என் வேலை மட்டும்தான் போயிருக்கும்.