லாஸ்ட் பீஸ் அக்கா

அம்மா வாஷிங் மெஷின் விற்கும் கடையில் வேலை பார்த்தார். குடோனில் நான்கு பெட்டி அடுக்கியிருக்கும். வந்தவரிடம் குரலைத் தாழ்த்தி, "லாஸ்ட் பீஸ்ங்க, உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சேன்" என்பார். கடையில் அவருக்கு 'லாஸ்ட் பீஸ் அக்கா' என்றே பெயர். அதற்காக அவர் கூசியதே இல்லை.

"ஏமாத்துறியேம்மா?" என்று கேட்பேன்.

"மெஷின் ஓடுதில்ல? வாங்கணும்னுதான வர்றாங்க. நான் கொஞ்சம் அவசரப்படுத்துறேன், அவ்வளவுதான்."

அம்மாவின் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய பிறகு, ஆஸ்பத்திரியில் புது ஊசி ஒன்றைப் பற்றிப் பேச எங்களை ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். எதிரே கவுன்சலர் பெண். சின்ன வயது.

"இது எக்ஸ்க்ளூசிவ் ப்ரோக்ராம், ஆன்ட்டி. ரெஸ்பான்ஸ் அப் டு செவன்ட்டி பெர்சன்ட். ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கு."

நாற்காலியில் சுருண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடோன்ல எத்தனை இருக்கு கண்ணு?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"அப் டுன்னா அதுக்குள்ள பூஜ்யமும் உண்டுதான? என்னை மாதிரி வத்தலும் தொத்தலுமா வந்தவங்கள்ல எத்தனை பேரு பொழச்சாங்க?"

அவள் போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் மழுப்பவில்லை. சில வாரம் கூடலாம். அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

நான் பம்பு சோதிக்கும் இன்ஜினியர். உச்ச அளவை மட்டும் காட்டினால் எந்த பம்பையும் தேர்ச்சி பெற விடமாட்டேன். அன்று எனக்கு அந்த எழுபது வேண்டியிருந்தது.

"ட்ரை பண்ணலாம்மா. சான்ஸ் இருக்குல்ல."

"நீயும் விக்க ஆரம்பிச்சுட்டியாடி? உனக்கு அந்தத் தொழில் வராது. மூஞ்சியே காட்டிக் குடுக்குது. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

வாசலில் நின்று கவுன்சலரைத் திரும்பிப் பார்த்தார்.

"பேப்பரைப் பாத்துப் பேசாத கண்ணு. கண்ணைப் பாத்துப் பேசு, அப்பதான் விக்கும்."

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை, வீட்டில் தன் கட்டிலில் படுத்தபடி அம்மா, டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டிவிட்டு, அன்று மதியமே போய்ச் சேர்ந்தார்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருக்கும்போதே சித்தி எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "பேரு பெத்த இன்ஜினியர்! பெத்தவளுக்கு வைத்தியம் பாக்காம விட்டுட்டியேடி. சான்ஸ் இருந்துச்சாமே?"

"சான்ஸ் இல்ல சித்தி. விளம்பரம் இருந்துச்சு. அம்மாதான் வேணாம்னு சொன்னா. ஊசி வேணாம்னு ஆஸ்பத்திரி பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டேன். மறுபடி கேட்டாலும் போடுவேன்."

அழுதுகொண்டேதான் சொன்னேன். ஒரு வார்த்தைகூடக் குறைத்துச் சொல்லவில்லை.