ஏரிக்கரை வளைவில் இரண்டு சத்தம்

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தோம். என் அண்ணனுக்கு விழுப்புரத்தில் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப். மெட்ராசில் நடக்கவிருந்த பந்தயத்துக்காக அவரும் அண்ணனும் சேர்ந்து ஒரு பழைய வண்டியைத் தயார் செய்தார்கள். வண்டி ஒன்றுதான். யார் ஓட்டுவது என்பதில் பேச்சு முடியவில்லை. நேர் ரோட்டில் இருவரும் சமம். வளைவில் தானே கெட்டி என்று இருவருமே நம்பினார்கள்.

கடையிலிருந்த சின்ன டேப் ரெக்கார்டரை வண்டியில் கட்டி அனுப்பலாம் என்று சொன்னது நான்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் ஆக்சிலேட்டரை எங்கே குறைக்கிறார்கள், எங்கே முறுக்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஓமந்தூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரை வளைவுக்குப் போனோம். ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவது; மதகைத் தாண்டும்போது ஒரு ஹாரன், வளைவு முடிந்து புளியமரத்தைத் தாண்டும்போது இன்னொன்று. ரோட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயப்போட்டிருந்த பெண்கள் திட்டிக்கொண்டே ஒதுக்கினார்கள்.

கடைக்கு வந்து போட்டுக் கேட்டோம். என் வீட்டுக்காரரின் சத்தம் வளைவுவரை முழுசாக வந்தது. பிறகு சட்டென்று அடங்கி, முனகிக்கொண்டே போய், கடைசியில்தான் எழுந்தது. அண்ணனுடையது முன்கூட்டியே தணிந்தது. பயந்து ஓட்டியதுபோல இருந்தது. ஆனால் வளைவின் நடுவிலேயே ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டு ஹாரன்களுக்கு இடையில் அண்ணனுக்குத்தான் நேரம் குறைவு.

“பேட்டரி வீக்கு. டேப்பு இழுத்துக்கினு ஓடுது” என்றார் என் வீட்டுக்காரர்.

“புதுசு போட்டு இன்னொரு வாட்டி ஓட்டலாம் மாப்ள” என்றார் அண்ணன்.

ஓட்டினார்கள். அதேதான்.

“உங்க அண்ணன் ஓட்டுனா உனக்கு சந்தோசந்தான?” என்று என்னிடம் கேட்டார்.

“சத்தத்துக்கு இன்னாங்க தெரியும், யாரு அண்ணன், யாரு புருசன்னு?”

அவர் டேப்பை நிறுத்தி, கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த சில நாட்கள் கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அண்ணனின் ஓட்டத்தையே கேட்டார். ஒரு மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தார்.

“உங்க அண்ணன் மாதிரியே நடுவுல முறுக்கிப் பார்த்தேன். பின்சக்கரம் வழுக்கிக்கினு போயிடுச்சு.”

மருந்து போடும்போது முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவரே விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய், “நீங்களே ஓட்டுங்க மச்சான். நான் வண்டியப் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பந்தயத்தில் அண்ணன் நடுவாக்கில் வந்தார், பரிசு இல்லை. என் வீட்டுக்காரர் முழு நேரமும் ஒரு வளைவின் ஓரத்திலேயே நின்று, அண்ணனுக்கு முன்னால் போனவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் பஸ்ஸில், “அவனுங்க உங்கள மாதிரியும் ஓட்டல, என்ன மாதிரியும் ஓட்டல மச்சான்” என்று ஆரம்பித்தார். விழுப்புரம் போக வேண்டிய அண்ணன், பேச்சு முடியாததால் எங்களோடு திண்டிவனத்திலேயே இறங்கிவிட்டார்.