பத்தாம் நம்பர் முதுகில் பெயர் இல்லை

ஜெர்சியில் பெயர் அடிப்பவளுக்கு உதைபந்தாட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், மிச்சத்தை வாடிக்கையாளர்கள் கேட்காமலே சொல்லித் தந்துவிடுவார்கள். கண்டி டவுனில், மார்க்கட்டுக்குப் பின்னால் போகிற ஒரு குறுக்குத் தெருவில், பதினோரு வருடமாக எங்கள் கடை இருக்கிறது. என் கணவர் உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்து ஜெர்சி தைப்பார். நான் முன்னால் நின்று நம்பரையும் பெயரையும் வெட்டி, சூடான பிரஸ்ஸில் வைத்து அமுக்கி ஒட்டுவேன். அவர் பாகத்துக்கு மெஷின் சத்தம், என் பாகத்துக்கு மனிதர் சத்தம். சலூனோ பார்மசியோ பேக்கரியோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற யாராக இருந்தாலும் இந்தப் பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள். நாம் வியாபாரம் செய்யத்தான் கடை திறக்கிறோம், வருகிறவர்கள் வழக்குப் பேச வருகிறார்கள்.

படித்துவிட்ட ஒருவன்

சித்தீக் நானா திகனவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அங்குள்ள உதைபந்தாட்ட டீமுக்குத் தலைவரும் அவர்தான். பந்து வாங்குவது, வேன் பிடிப்பது, தோற்றால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய மெச்சுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து பதினெட்டு ஜெர்சிக்கு ஓடர் தந்தார். பட்டியலில் பதினேழு பெயர்தான் இருந்தது. பத்தாம் நம்பருக்கு நேரே ஒரு கோடு மட்டும்.

பத்தாம் நம்பர் என்றால் ஜெகன். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்தில் வீடு, பல்லேகலயில் ஒரு பெக்டரியில் ஷிப்ட் வேலை. ஏழு வருடமாக அந்த முதுகில் அவன் பெயரைத்தான் அடித்து வருகிறேன். ஆளை நான் பார்த்ததில்லை, எழுத்தாகத்தான் பழக்கம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். வெளிநாட்டு டீம்கள் எல்லாம் ஆட்டக்காரர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்குவதை நானா டிவியில் பார்த்திருக்கிறார். தானும் ஓர் எக்ரிமென்ட் டைப் பண்ணி ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். பதினேழு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஜெகன் படித்துவிட்டான்.

தாளோடு போனவன் போனவன்தான். பிரக்டிஸுக்கும் வருவதில்லை, போனையும் எடுப்பதில்லை. மெச்சுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, போட்டி நடத்துகிறவர்களிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கையெழுத்து வராவிட்டால் அவனுக்கு இந்த வருடம் ஆட்டமே கிடையாது. அப்படியென்றால் வேறு யார் பெயரை அடிப்பது என்று கேட்டதற்கு, நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நம்பர மட்டும் அடிங்க தங்கச்சி, பேருக்கு எடத்த விட்டு வைங்க. என்ட மனசும் அப்பிடித்தான் ஈக்குது."

இரண்டு கதிரை, இரண்டு கட்சி

அந்த வெற்று முதுகு ஜெர்சியைச் சுவரில் மாட்டியது என் தப்பு. கடையில் வாடிக்கையாளருக்கென்று இரண்டு கதிரை போட்டிருப்பது அதைவிடப் பெரிய தப்பு. மறுநாள் பின்நேரமே அவை நிரம்பிவிட்டன. ஒன்றில் சிவலிங்கம் சேர், ஓர் அரசாங்க ஒபிசில் கிளாக். மற்றதில் தவராசா அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே மருந்துக் கடைகளுக்கு ஓடர் எடுக்கிறவர். இருவரும் அந்த டீமின் தீவிர ரசிகர்கள். ஒரு மெச் தவற விட்டதில்லை, ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதும் இல்லை.

சிவலிங்கம் சேர் தலைவர் கட்சி. "எக்ரிமென்ட்னா எக்ரிமென்ட்தான். காட்டுற எடத்துல சைன் வைக்கணும். நான் இருவத்திரெண்டு வருசமா ஒபிஸ்ல அப்படித்தான் வைக்கிறேன்" என்பார். தவராசா அண்ணை ஜெகன் கட்சி. "அதுதான் உங்கட ஒபிஸ் இந்த லட்சணத்தில கிடக்கு" என்பார். முதல் நாள் ஜெகன் கேப்டன் பதவி கேட்டதாகக் கதை. இரண்டாம் நாள் கொழும்பு டீம் ஒன்று அவனைக் கூப்பிட்டுவிட்டது. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிள் கேட்டான். நான்காம் நாள் அந்த மோட்டார் சைக்கிள் கறுப்பா சிவப்பா என்று கதிரை இரண்டும் ஆடுகிற அளவுக்குச் சண்டை.

பொறுக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். உங்கள் இரண்டு பேரில் யாராவது அந்த எக்ரிமென்டைக் கண்ணால் கண்டீர்களா என்று கேட்டேன். தவராசா அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "வாசிச்சுப் போட்டால், பிறகு நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது தங்கச்சி?"

கழற்றினாலும் போகாத பெயர்

சுமித் என்று ஒரு திரீவீல் சாரதி. சிங்களவர், எங்களோடு பேசிப் பேசித் தமிழை ஒரு வழி பண்ணி வைத்திருப்பவர். சொந்த ஆசைக்கு ஜெகன் பெயர் போட்ட பத்தாம் நம்பர் ஜெர்சி ஒன்று என்னிடம் அடித்து வாங்கி, இரண்டு வருடமாக அதைப் போட்டுக்கொண்டுதான் ஹயர் ஓடுகிறார். அந்த வாரம் அவரும் வந்து, அதைக் கழற்றிக் கவுண்டரில் எறிந்து, இந்தப் பெயரை உடனே எடு என்றார். டீமை விட்டுப் போகிறவன் பெயர் தன் முதுகில் இருக்கக் கூடாதாம். வெறும் பனியனோடு நிற்கிற மனிதரிடம் என்ன வாதாடுவது? பிரஸ்ஸில் வைத்துச் சூடாக்கி, ஒவ்வோர் எழுத்தாக உரித்தேன்.

உரித்த பிறகுதான் வினை. இரண்டு வருட வெயிலில் ஜெர்சி முழுக்க வெளிறிப்போயிருக்க, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் துணி புதுசாகப் பளிச்சென்று நின்றது. ஒட்டியிருந்தபோது பக்கத்தில் வந்தால்தான் தெரிந்த பெயர், இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிந்தது. அதன் மேல் தலைவர் பெயரை ஒட்டித் தரவா என்று கேட்டேன். தலைவர் எப்போது கோல் போட்டார் என்று திருப்பிக் கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும்போது சொன்னார்: "பரவா இல்ல அக்கா. கோவம் போனா திருப்பி ஒட்ட லேசு, எடம் சரியா தெரியும்."

உதைபந்தாட்டம் பார்க்காத தம்பி

புதன்கிழமை. பட்டியல் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. கதிரைகள் இரண்டும் உச்சத்தில் இருந்த நேரம், பெக்டரித் தொப்பியும் தோளில் ஒரு பையுமாக ஒரு தம்பி வந்து ஓரமாக நின்றான். என்ன வேணும் என்று கேட்டேன், சும்மா பார்க்கிறேன் என்றான். பார்த்ததெல்லாம் சுவரில் தொங்கிய அந்த ஒரு ஜெர்சியைத்தான். சிவலிங்கம் சேருக்கு நடுவர் கிடைத்த சந்தோஷம். "தம்பி, பொதுவா சொல்லுங்க. இந்த ஜெகன் செய்றது ஒரு மனுசன் செய்ற வேலையா?" என்று கேட்டார். தவராசா அண்ணை விடவில்லை: "நீர் பயப்பிடாமல் சொல்லும் தம்பி. அவன் கேட்டது நியாயம்தானே?"

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தான் புட்போல் பார்ப்பதில்லை என்று மெதுவாகச் சொன்னான். இருவரும் அவனைக் கைவிட்டுவிட்டு மறுபடி தங்களுக்குள் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர்கள் எழுந்து போன பிறகுதான் அவன் கவுண்டருக்கு வந்தான். கண்டியில் ஜெகனைப் பற்றி இவர்களை விட அதிகம் பேசியவர்கள் கிடையாது. ஆனால் மெச்சில் இவர்கள் உட்காருவது கிரவுண்டு ஓரத்து மேட்டின் உச்சியில். அங்கிருந்து இத்தனை வருடமாகப் பார்த்தது அவன் முதுகை மட்டும்தான், முகத்தை அல்ல. தம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "நான்தான்க்கா ஜெகன். பத்துல வேற யாரு பேரயாவது அடிச்சிருங்க."

நாலாம் நம்பர் நிபந்தனை

ஏழு வருடம் கையால் ஒட்டிய பெயருக்குச் சொந்தக்காரன், அதை வேண்டாம் என்று சொல்ல பஸ் ஏறி வந்திருக்கிறான். உட்கார வைத்து ஒரு பிளேன்டீ கொடுத்தேன். பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். மூன்றாவது நிபந்தனை, பிரக்டிஸுக்குக் கட்டாயம் வர வேண்டும். நான்காவது, "தொடர்ந்து மூன்று தடவை கோல் இல்லை என்றால் பெயர் வெட்டப்படும்."

"போன ரெண்டு மெச்சுலயும் எனக்குக் கோல் இல்லக்கா" என்றான். "ஷிப்ட் முடிச்சி, தூங்காம வந்து வெளையாடியிருக்கேன். காலு வீங்கிப் போயும் வெளையாடியிருக்கேன். இந்த மெச்சுலயும் கோல் வரலேன்னா வெட்டிருவோம்னு எழுதியே குடுத்துட்டாரு. அதுல நான் எப்படிக்கா கையெழுத்து வைப்பேன்?" போனைத் திறந்து டீமின் வாட்ஸ்அப் குழுவையும் காட்டினான். எல்லாரும் பார்க்க நானா போட்டிருந்தார்: ஜெகனிடமிருந்து இதுவரை ஒரு கோல்கூட இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அங்கேயே நானாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்து, ஏழு வருடம் உழைத்தவனை இரண்டு மெச்சில் கோல் வராததற்காக இப்படியா நடத்துவது என்று பொரிந்து தள்ளினேன். அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல்: "யா அல்லாஹ்! தங்கச்சி, அது போன் கோல்!"

எங்கள் ஊரில் வலைக்குள் பந்து போனாலும் கோல், போனில் ஆளைக் கூப்பிட்டாலும் கோல். பிரக்டிஸுக்கு வர முடியாதவன் மூன்று தடவை தொடர்ந்து போன் பண்ணிச் சொல்லாமல் இருந்தால் பெயரை வெட்டுவோம் என்பதைத்தான், டைப் பண்ணுகிற சோம்பலில் நானா அப்படிச் சுருக்கியிருக்கிறார். ஜெகன் வராத நாட்களில் பந்தை வைத்துக்கொண்டு கிரவுண்டில் தனியாக நின்ற கோபம் அவருக்கு. பெக்டரி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், எங்கிருந்து கோல் எடுப்பது என்ற வருத்தம் இவனுக்கு. முக்கால் மணி நேரத்தில் நானா கடைக்கே வந்துவிட்டார். "கோல்" என்பதற்கு முன்னால் பேனாவால் "போன்" என்று சேர்த்தார். வேலைக்குப் போகுமுன் சொன்னால் போதும் என்றும் எழுதினார். ஜெகன் என் வெட்டுமேசை மேலேயே கையெழுத்துப் போட்டான். நான் பிரஸ்ஸைச் சூடாக்கினேன். பதினோரு வருடத்தில் வாடிக்கையாளர் பேச்சில் தலையிடாத என் கணவர், அன்று மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எழுதுனவரு வெளங்கிற மாதிரி எழுதல, படிச்சவரு என்னான்னு கேக்கல. நல்ல வேள, மத்த பதினேழு பேரும் படிக்கல."

உள்ளே வேறு ஏதோ இருக்கிறது

மறுநாள் என் இரண்டு கதிரைகளுக்கும் நடந்ததைச் சொன்னேன். ஜெர்சியில் பெயர் ஏறிவிட்டதையும் காட்டினேன். முகம் இரண்டும் செத்துப்போய்விட்டது. புட்போல் பார்க்காத தம்பி யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை, அவர்கள் வயதுக்கு அது தாங்காது. அந்த இருவரும் ஒரே கட்சியில் நின்றதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தவராசா அண்ணை தலையாட்ட, சிவலிங்கம் சேர் தீர்ப்புச் சொன்னார்: "இவ்வளவு சின்ன விசயத்துக்கா நாங்க இத்தன நாள் சண்ட புடிச்சிருப்போம்? இருக்காதும்மா, உள்ள வேற ஏதோ இருக்கு."

மூன்றாவது மெச்

ஞாயிற்றுக்கிழமை வாழ்க்கையில் முதல் தடவையாக மெச் பார்க்கப் போனேன். மேட்டில் ஏறாமல் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஜெகன் ஓடிய ஓட்டத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இன்னொரு தடவை எதிர் டீம் கோலி காலால் தடுத்துவிட்டான். கடைசியில் எங்கள் டீம் ஒன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றது. ஜெகனுக்குக் கோல் இல்லை, தொடர்ந்து மூன்றாவது மெச்.

விசில் ஊதியதும் அவன் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். சித்தீக் நானா கிரவுண்டுக்குக் குறுக்கே அவனை நோக்கி நடந்தார். தாளில் பேனாவால் திருத்துவது ஒன்று, தோற்ற அன்றைக்கு அதைக் காப்பாற்றுவது ஒன்று. நான் கோட்டைத் தாண்டி இரண்டு அடி உள்ளே போய்விட்டேன். மேட்டிலிருந்த கூட்டமும் எழுந்து நின்று பார்த்தது. ஜெகன் எழுந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றான். நானா குனிந்து அவன் பூட்ஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "கோல் போடாட்டியும் பரவால்ல மகன். வர ஏலாட்டி மட்டும் ஒரு கோல் போடு."

அவர் முதலில் சொன்னது எந்தக் கோல், பிறகு சொன்னது எந்தக் கோல் என்று திங்கட்கிழமையிலிருந்து என் கடையில் இரண்டு கட்சியாக விவாதம் நடப்பதைப் பார்த்தால், பந்து வலைக்குள் போகாவிட்டாலும் ரசிகர்களுக்குக் கவலையில்லை, பேச்சு வாசலைத் தாண்டி வெளியே போகாமல் இருந்தால் போதும் என்று தெரிகிறது.