சாமி மேடையில் இருந்த கோழிப் புத்தகம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்பு டீச்சராக இருந்த காலத்தில் அது இன்னும் மோசம். ஒரே அறையில் அறுபது பிள்ளைகள், பக்கத்திலேயே ரயில்வே பட்டறையின் இரைச்சல். கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்த வகுப்பின் மூலையில் எங்கள் நூலகம் இருந்தது. நூலகம் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். பால் டின் வந்த மரப்பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து, பழைய சேலைத் துண்டைத் திரையாகக் கட்டியிருந்தேன். உள்ளே இருபத்தேழு புத்தகங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம். எல்லாவற்றுக்கும் என் கையால் அட்டை போட்டிருந்தேன். வீட்டுக்கு எடுத்துப் போக யாருக்கும் அனுமதி கிடையாது. பிள்ளைகள் எல்லாம் ரயில்வே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருபவர்கள்; லயத்து வீடு ஒழுகும், கைக்குழந்தை கிழிக்கும் என்று எனக்குப் பயம்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வகுப்பில் சொன்னேன். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகத்த நாளைக்கு உங்க வீட்டுச் சாமி மேடையில வைங்க. படிப்பு தானா வரும்." சொன்னதோடு மறந்தும் போனேன்.

விடுமுறை முடிந்து வந்து எண்ணினால் இருபத்தாறுதான் இருந்தது. கோழிப் புத்தகத்தைக் காணோம். கடைசி வரிசையில் உட்காரும் ஏழு வயதுப் பெண் ஒருத்தி அதைக் கீழே வைக்கவே மாட்டாள். இரண்டு எழுத்தைச் சேர்த்துப் படிக்க வராது, ஆனால் தினமும் அந்தக் கோழியைப் பார்த்தாக வேண்டும். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க வீட்டுல இருக்கு டீச்சர்."

"போய் எடுத்துட்டு வா."

"எடுக்கக் கூடாது டீச்சர். எங்கம்மா..."

எனக்கு வந்ததே கோபம். எடுத்ததும் இல்லாமல் வாய் வேறா என்று, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளைத் திருடி என்றேன். அவள் அழவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் வீம்பாக இருந்தேன். இரண்டாம் வாரம் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள், அவளைப் பந்திங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு, குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்பப் போகிறார்களாம். அப்படிப் போன பெண் பிள்ளை யாரும் பள்ளிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அன்று மாலையே குடையை எடுத்துக்கொண்டு ரயில்வே லயத்துக்குப் போனேன்.

ஒற்றை அறை வீடு. அவள் அம்மா முகம் கொடுக்காமல் "வாங்க" என்றார். சுவரோரம் சாமி மேடை. அதில் கோழிப் புத்தகம். அட்டையில் சந்தனப் பொட்டு, மேலே அன்று பறித்த செம்பருத்தி. நான் போட்ட அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"பூஜை முடிஞ்சு எத்தன நாளாச்சு? விஜயதசமி அன்னைக்கே எடுத்திருக்கலாமேம்மா."

"சும்மா எடுத்துற முடியுமா டீச்சர்? உக்காந்து நாலு வரி படிச்சிட்டுத்தானே எடுக்கணும். இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்? அவங்கப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிமார் வீட்டுல போயிக் கேக்க எங்களுக்கு ஏது வாய்? டீச்சரையே கூப்பிட்டு வான்னு பாப்பாகிட்ட சொல்லி அனுப்புனேன். நீங்க திருடின்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மேடையில் வைக்கச் சொன்னவள் நான். எடுக்க ஆள் இருக்கிறதா என்று நினைத்துப் பார்க்காதவளும் நான். வெட்கத்தில் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதவோரம் நின்றவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். புத்தகத்தைத் திறந்து, அவள் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாக நகர்த்தினேன். "கோழி வந்தது" என்றேன். அவளும் சொன்னாள். நாலு வரியும் அப்படியே படித்து முடித்தோம்.

"பாப்பாவ பந்திங் அனுப்பாதீங்கம்மா. தப்பு என்னோடது."

"அவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா எம்புள்ள திருடி இல்லன்னு நீங்களே கிளாஸ்ல சொல்லணும். எல்லார் முன்னாலயும்."

மறுநாள் அவள் வந்தாள், நானும் சொன்னேன். அறுபது பிள்ளைகள் முன் ஒரு டீச்சர் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. கேட்ட கையோடு கோழிப் புத்தகத்தை அவளிடமே கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். அவளுக்குக் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு எப்படி இல்லை என்பது? புத்தகங்கள் லயத்துக்குப் போய் வரத் தொடங்கின. சில எண்ணெய்க் கறையோடு வந்தன, இரண்டு கிழிந்தே வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டிவைத்தேன்.

அடுத்த விஜயதசமி காலையில் லயத்தில் வீடு வீடாகப் போய்ப் படித்து, புத்தகங்களை எடுத்துக் கொடுப்பது என்று கிளம்பினேன். முதலில் அவள் வீடுதான். சாமி மேடை முன் உட்காரப் போன என்னை அவள் அம்மா தடுத்தார்.

"நீங்க அந்தப் பலகையில உக்காருங்க டீச்சர். எங்க வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஆளு இருக்கு."