கொண்டையில் சுற்றிய பட்டு ஸ்கார்ஃப்

பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனி ஒன்றில் எனக்கு இண்டர்வியூ. மும்பை செம்பூரில் லோக்கல் ரயில் ஏறியதிலிருந்து பட்டு ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். லேடீஸ் பெட்டியில் கிளிப் விற்கும் தாராவிப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"கழுத்த நெரிக்க மாதிரில்லா இருக்கு! இங்க குடுங்கக்கா."

அழுக்காகிவிடுமோ என்று தயங்கினேன். புரிந்துகொண்டு, கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பூச்சரம் சுற்றுவதுபோல் என் கொண்டையில் சுற்றி, ஒரு நுனியை மட்டும் தோளில் தவழவிட்டாள். அவள் தட்டிலிருந்த கண்ணாடியில் பார்த்து அசந்துபோனேன்.

இண்டர்வியூ எடுத்த பிரெஞ்சு மேடம் எழுந்து வந்தே பார்த்தார். "பாரிஸிலும் இப்படிப் பார்த்ததில்லை. யார் கட்டியது?"

"நானேதான்" என்றேன்.

வேலை கிடைத்தது. இன்றும் அப்படித்தான் கட்டுகிறேன். ஆனால் அவள் பெட்டியில் ஏறினால், சட்டென்று அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.