கமிஷனர் வரும்வரை தொடாத அறை

மகள் பல் தேய்க்க எழுந்து போன நேரத்தில் அவள் அறையின் கூரைப்பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. குக்கர் மூடி கீழே விழுந்தாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

ஜூஜுவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் விரிசல், ஒழுகல். அசோசியேஷன் பில்டர்மீது நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டது. இங்கே பாதிப்பேர், என் கணவர் உட்பட, கம்பெனிகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர்கள். பழுதை அப்படியே விட்டுவிட்டுப் போகத் தெரியாதவர்கள். வழக்குப் போட்ட கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு, விரிசலையெல்லாம் அடைத்து, பெயிண்டும் அடித்துவிட்டார்கள். அன்று எல்லோருக்கும் பிரியாணி.

அடுத்து வந்த எங்கள் வக்கீலம்மா சுவரைத் தடவிப் பார்த்தார்.

"பில்டரை விட நல்லா வேலை செஞ்சிருக்கீங்களே சார்! சேதத்தைப் பார்க்கக் கோர்ட்டு அனுப்பற கமிஷனர் வந்தா எதைங்க காட்டறது?"

"ஒழுவுனா அடைக்காம எப்படிங்க மேடம் இருக்கறது?" என்றார் என் கணவர்.

மிஞ்சியது மகளின் அறை ஒன்றுதான். ஏணி போட்ட அன்று அதற்குள் போக யாரையும் நான் விடவில்லை. அந்தக் கட்டிலைப் பார்க்கத் தெம்பில்லை. கமிஷனர் பார்க்கும்வரை ஒரு துண்டைக்கூட நகர்த்தாதீர்கள் என்றார் வக்கீலம்மா. மகளை மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். அங்கிருந்தே கல்லூரிக்குப் போனாள்.

அத்திப்பள்ளி பக்கம்தான். டிக்கெட் வாங்கிச் சில்லறையைப் பைக்குள் போடுவதற்குள் இறங்கவேண்டும். ஆனாலும் கமிஷனர் வருகை தள்ளிப்போகப் போக, அவள் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியானாள். குழம்பு ஊற்றினால், "போதும்" என்று சொல்லாமல் "சாக்கும்மா, சாக்கு" என்பாள். சித்தி வீட்டுக் கன்னடம். இருட்டுவதற்குள் செருப்பைத் தேடுவாள். மூடிக் கிடக்கும் அறைப்பக்கம் திரும்பவே மாட்டாள்.

போன மாதம் கமிஷனர் வந்தார். படம் எடுத்து, அளந்து, இனிச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றார். வழக்கு இன்னும் நடக்கிறது. நாங்கள் கொத்தனாரை வைத்துக் கூரையைப் பூசி முடித்தோம். அவளைப் போனில் அழைத்தேன்.

"எல்லாம் முடிஞ்சிதுடி. கட்டிலை ஜன்னலோரம் போடட்டுமா?"

"வேணாம்மா."

"அப்ப கதவுப் பக்கம்?"

தங்கை வீட்டு டிவி கேட்டது.

"ஹால்ல போடும்மா" என்றாள்.

ஹாலுக்கு மேலேயும் அதே பில்டர் கட்டிய கூரைதான்.

"சரி, ஹால்லயே போடறேன். இன்னிக்கே வந்துர்றியா?"